பல் கறுப்பாகவே அச்சாகட்டும்

என் மகளுக்கு மேல்வரிசை முன்பல் நாலும் கறுப்பு. வாயைத் திறந்தால் முதலில் அதுதான் தெரியும். எங்கள் தெருவில் அதைப் பார்க்காதவர் யாரும் இல்லை. பார்த்துவிட்டுச் சும்மா போனவர்களும் குறைவுதான். "பிள்ளை கரியத் தின்னுச்சாக்கும்?" என்று கேட்டவர்கள் உண்டு. "ஏத்தா, வாய மூடிக்கிட்டுச் சிரி" என்று அவளிடமே சொன்னவர்களும் உண்டு.

அந்தக் கறுப்பு தானாக வந்ததல்ல. மருந்து வைத்தால் கறுக்கும் என்று டாக்டரம்மா படம் காட்டிச் சொன்ன பிறகு, தெரிந்தே, பிள்ளையை என் மடியில் உட்கார வைத்து நான் வைத்துக்கொண்டு வந்த கறுப்பு. இதை இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் எங்களுக்காகப் பரிதாபப்பட வேண்டாம்.

நானும் என் வீட்டுக்காரியும் சிவகாசிக்கு அடுத்த விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நான் சரவெடி பின்னுவேன். அவள் பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்டுவாள். ஆடி பிறந்துவிட்டால் தீபாவளி ஆர்டர் நெருக்கும். விடிந்தும் விடியாமலும் கம்பெனி வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். தூங்குகிற பிள்ளையின் வாயில் சீனி போட்ட பால்புட்டியை வைத்து அடுத்த வீட்டு அக்காவிடம் விட்டுப் போவோம். அழுதால் அந்த அக்கா ஒரு கருப்பட்டி மிட்டாயை ஒடித்துக் கொடுக்கும். பிள்ளை அமைதியாகிவிடும். வேலைக்குப் போகிற எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. இதை வைத்து என் வீட்டுக்காரியைப் பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று பேசினவர்கள், எங்கள் கம்பெனி வண்டியில் ஒரு சீசன் ஏறிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

முதலில் ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு தீற்றினது போல வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. பிறகு அது பழுப்பாகி, ஓரம் பொரிந்து உதிர ஆரம்பித்தது. "பால்பல்தான, விழுந்து முளைச்சிரும்" என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நாலு வயது முடிந்த சமயத்தில் பிள்ளை சோற்றை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் உட்கார்ந்திருக்கத் தொடங்கினாள். முறுக்கைக் கண்டால் ஓடி வருகிறவள், அதைக் கையில் வாங்கி, பார்த்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு எனக்குக் கும்பிடத்தான் தோன்றியது.

எங்கள் பக்கத்தில் உடம்பில் எங்கே நோவு வந்தாலும் அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கி அம்மனுக்குச் செலுத்துவது வழக்கம். கோயில் வாசல் கடையில் கண், கை, கால், வயிறு எல்லாம் தொங்கும். பல் மட்டும் இல்லை.

"பல்லுக்கு உருவம் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

கடைக்கார அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தது. "பல்லுக்கெல்லாம் அம்மன்கிட்ட வந்தா அவ எதத்தான் பாப்பா? வேணும்னா முகம் வாங்கிட்டுப் போங்க. பல்லும் அதுக்குள்ளதான் இருக்கு."

முகம் வாங்கிச் செலுத்தினேன். "தாயே, பிள்ளை முறுக்குத் தின்ன வேணும்" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. சாமிக்குச் செலுத்தியாகிவிட்டது என்று வீட்டில் உட்காரவும் இல்லை. கும்பிடுகிறவன் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று எந்தச் சாமியும் என்னிடம் சொன்னதில்லை.

டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரியில், மயக்கம் கொடுத்து நாலு பல்லையும் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். மயக்கம் என்றதும் என் வீட்டுக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பிறகு அங்கன்வாடி டீச்சர் சொல்லித்தான் அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் இருப்பது தெரிந்தது. நான் மட்டும் பிள்ளையை அழைத்துப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. பிள்ளையின் வாயை ஒரு சின்னக் கண்ணாடியால் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"புடுங்க வேண்டாம். இப்ப ஒரு மருந்து இருக்கு. வெள்ளியும் புளோரைடும் சேர்ந்தது. பொடிசா ஒரு பிரஷ்ல தொட்டு வைப்போம். ஊசி கிடையாது, மெஷின் கிடையாது. சொத்தை மேக்கொண்டு போகாம நின்னுரும். ஆனா சொத்தை இருக்கிற இடம் கறுத்துப் போயிரும். அந்தக் கறுப்பு போகாது."

"எம்புட்டுக் கறுப்பும்மா?"

போனில் ஒரு பிள்ளையின் வாயைக் காட்டினார். அடுப்புக்கரி போல இருந்தது.

"நல்லாப் பாத்துக்கங்க. வீட்டுல கலந்து பேசிட்டு வாங்க. வச்சதுக்கப்புறம் என்கிட்ட வந்து சண்டை பிடிக்கக் கூடாது."

"கண்டிப்பா நின்னுருமாம்மா?"

"எல்லாப் பல்லுலயும் நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பெரும்பாலும் நிக்கும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா கொண்டு வந்து காட்டணும், திரும்பத் தொட்டு வைக்கணும். பால்புட்டிய நிப்பாட்டணும். நீங்க வரலைன்னா நான் வச்சதும் வீண்."

புளோரைடு என்ற பேச்சு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரியின் அண்ணன், என் மச்சானுக்குப் பல் முழுக்கக் காவிக் கறை. அவர் சின்ன வயதில் வளர்ந்தது சொந்தக்காரர் வீட்டில். அந்த ஊர் போர்த் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்று பின்னாளில் குழாயில் எழுதி வைத்தார்கள். "அதே புளோரைடுதானாம்மா?" என்றேன்.

"அதேதான். பல்லு ஈறுக்குள்ள உருவாகிற வயசுல, வருசக்கணக்கா, தண்ணியோட அளவுக்கு மேல உள்ள போச்சு. அதான் கறை. இது முளைச்ச பல்லு மேல ஒரு சொட்டு. கொழம்புக்கு உப்புப் போடுறதும், உப்பு டப்பாவையே கவுத்துறதும் ஒண்ணாங்க?"

அது எனக்குப் புரிந்தது. சாயங்காலம் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் பிள்ளைக்குப் பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து, இன்னும் பிசைந்து, கூழாக்கிக்கொண்டிருந்தாள். "வலி நிக்கும்னா கறுக்கட்டும்" என்றாள். "பல்லு கறுத்தா பாக்கிறவன் கண்ணுக்குத்தான் நோவு. அது அவன் பாடு."

தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டதும் மூன்று பேரும் போனோம். பஞ்சு வைத்துப் பல்லை ஒற்றினார்கள். உதட்டில் வாஸ்லின் தடவினார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரே ஒரு சொட்டு. அதைத் தொட்டுத் தொட்டு வைத்தார் டாக்டரம்மா. பிள்ளை அழத் தயாராக முகத்தைச் சுருக்கி வைத்திருந்தாள். அழுகை வரவில்லை.

"அப்பா, பூட்டுச் சாவிய நக்குன மாதிரி இருக்கு" என்றாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, நன்றாக இருக்கிற மற்றப் பற்களுக்கு மஞ்சளாக ஒரு பசையைப் பூசினார். அதுவும் புளோரைடுதான், இனிமேல் சொத்தை வராமல் காப்பதற்கு, இன்றைக்குப் பல் விளக்க வேண்டாம் என்றார். பிள்ளையின் தாடையைப் பிடித்திருந்த என் விரலில் அந்தச் சொட்டு மருந்து கொஞ்சம் பட்டிருக்கிறது. மறுநாள் விரல் கறுத்துவிட்டது. சோப்புக்கு அசையவில்லை. எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பட்டாசு வேலை பார்க்கிற கையில் கறுப்பும் வெள்ளிப் பவுடரும் ஏறாத நாள் எது?

கார்த்திகை தீபத்தன்று பொரி உருண்டை பிடித்தோம். பிள்ளை ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தாள். கடித்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அப்புறம் இன்னொரு கடி. என் வீட்டுக்காரி விளக்குப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அம்மனை நினைத்துக்கொண்டேன்.

இது இத்தோடு முடிந்திருக்கும். பிள்ளைக்குக் காது குத்து வைத்தோம் பாருங்கள், அங்கேதான் பிரச்சினை கிளம்பியது.

மாசி மாதம் குலதெய்வம் கருப்பசாமி கோயிலில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் இல்லாமல் அந்தக் காரியமே இல்லை. என் மச்சான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்க்கிறார். அழைப்பிதழ் என் பொறுப்பு என்று பிள்ளை சிரிக்கிற போட்டோ ஒன்றை வாங்கிப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதிரிப் பிரதியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக வந்தார்.

"ஏத்தா மருமகளே, இங்கன வா. மாமா என்ன கொண்டாந்திருக்கேன் பாரு."

பிரித்துத் தரையில் வைத்தார். பட்டுப்பாவாடை, நெத்திச்சுட்டி எல்லாம் என் மகளுடையவை. வாயில் மட்டும் வரிசையாகப் பளீரென்று வெள்ளைப் பற்கள்.

பிள்ளை குனிந்து பார்த்தாள். "இது யாரு பாப்பா, மாமா?"

"நீதான் தாயி."

"என் பல்லு எங்க?"

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். "பிரஸ்ல கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பையன் வெள்ளையாக்கித்தான் பாத்தான் மாப்ள, அழுக்கா தெரிஞ்சது. அதான் காலண்டர்ல ஒரு கொழந்தை படம் கெடந்துச்சு. அதோட பல்லை எடுத்து வச்சிட்டான். எம்புட்டு அம்சமா இருக்கு பாருங்க."

நான் சிரித்துவிட்டேன். எங்கேயோ யாரோ பெற்ற பிள்ளையின் பல், தேதி கிழிக்கிற காலண்டரிலிருந்து வந்து என் மகள் வாயில் உட்கார்ந்திருக்கிறது. காலண்டர் அச்சடிக்கிற இந்த ஊரைத் தவிர வேறெங்கே இது நடக்கும்?

"வேண்டாம் மச்சான். பிள்ளை படத்தையே போடச் சொல்லுங்க."

"கறுப்புப் பல்லோடயா? ஊரு சிரிக்கும் மாப்ள."

"சிரிக்கட்டும். அவ சிரிக்கிறால்ல, கூடச் சிரிக்கட்டும்."

அவருக்கு முகம் மாறிவிட்டது. பாயில் உட்காராமல் நிலைப்படியில் போய் நின்றார். "நான் அன்னைக்கே கேட்டேன், யாரைக் கேட்டு இந்த மருந்த வச்சீகன்னு. புளோரைடு பல்லைக் கெடுக்கும்ங்கிறதுக்கு நானே சாட்சி. இந்தா பாருங்க" என்று உதட்டைத் தூக்கிக் காட்டினார். "பொண்ணு பாக்கப் போன எடத்துல எல்லாம் பீடி குடிப்பீகளா, வெத்திலை போடுவீகளான்னு கேட்டான். எந்தப் பழக்கமும் இல்லாத எனக்கு அம்புட்டுப் பேரும் பட்டம் கட்டுனாக. அதே கதி இவளுக்கும் வரணுமா? நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

"மச்சான், இது பால்பல்லு. அவளுக்கு நாலு வயசு. எவன் வந்து கட்டுவான்னு இப்பவே தேடப் போறீகளா?"

"பால்பல்லுதான? அப்ப புடுங்குங்க. நாலையும் புடுங்கிட்டுக் கோயிலுக்குக் கூட்டியாங்க. பொக்கை வாயா இருந்தா பிள்ளைன்னு சொல்லிருவாக. இந்தக் கறுப்போட வந்தா நான் மடியில உக்கார வைக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

வலித்தபோது பிடுங்கவில்லை. வலி நின்ற பிறகு, தின்கிற பல்லை, போட்டோவுக்காகப் பிடுங்க வேண்டுமாம். எனக்குத் தலைக்கு ஏறியது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். அண்ணன் முன்னால் குரலை உயர்த்திப் பேசாதவள் அவள். அன்றும் உயர்த்தவில்லை.

"அண்ணே, உன் கல்யாண ஆல்பத்துல ஒரு படத்துலயாவது நீ சிரிச்சிருக்கியா?"

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"போட்டோக்காரன் சிரிங்க சிரிங்கன்னு கெஞ்சுனான். நீ உதட்டக் கடிச்சுக்கிட்டு நின்ன. அண்ணி கூட, இவருக்குப் பிடிக்காத கல்யாணமோன்னு பயந்து போச்சு. உன்னைய அப்படி ஆக்குனது தண்ணி இல்லண்ணே. பாக்கிறவன் பேச்சுதான். இவளையும் இப்பவே வாய மூடப் பழக்கணுமா?"

"வியாக்கியானம் பேசாதத்தா."

"பேசல. பல்லு இருக்கும். நீ மடி கொடுத்தா கொடு. கொடுக்கலைன்னா கருப்பசாமி படியில உக்கார வச்சுக் குத்திக்கிறோம்."

அவர் மாதிரிப் பிரதியைச் சுருட்டினார். பிள்ளை அதற்குள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அந்தப் பாப்பா பல்ல அதுகிட்டயே குடுத்துருங்க" என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்காகப் போட்ட காபி ஆறிப்போய்க் கிடந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் நானே பிரஸ்ஸுக்குப் போனேன். மச்சான் அன்று வேலைக்கு வரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் அந்த ஆபரேட்டர் இருந்தார்.

"நான்தாங்க பிள்ளையோட அப்பன். அந்தப் பல்லை எடுத்துட்டு, பழைய பல்லையே வைங்க."

"லேசா பிரவுன் ஆக்கித் தரட்டாண்ணே? கண்ண உறுத்தாது."

"கறுப்பு."

"பாதிக் கறுப்பு?"

"தம்பி, என்ன நிறத்துல இருக்கோ அதே நிறம்."

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "இந்தக் கம்பெனிக்கு வந்ததுல இருந்து எத்தனையோ மாப்பிள்ளை, பொண்ணு, கட்சிக்காரர்னு பல்ல வெளுத்து வெளுத்துக் கையி தேஞ்சு போச்சு. கறுப்பா விடுங்கன்னு வந்து நின்ன மொத ஆளு நீங்கதாண்ணே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நேத்து ராத்திரி உங்க மச்சான் போன்ல கோவமாப் பேசுனாக. தாய்மாமன் பேரு போட்டிருக்கு. அத எடுக்கணுமா?"

"எடுக்காதீக. பேரு அங்கனயே இருக்கட்டும். ஆளு வரும்போது வரட்டும்."

அப்படியே அச்சானது. வீடு வீடாக நானே கொண்டுபோய் வைத்தேன். வெற்றிலை பாக்கோடு சேர்த்து நீட்டும்போது, எல்லார் கண்ணும் முதலில் அந்த வாய்க்குத்தான் போகும். "என்னப்பா இது?" என்பார்கள். சொத்தைக்கு மருந்து வைத்தது, இப்போது முறுக்குத் தின்கிறாள் என்று நின்று சொல்வேன். சில வீட்டில் உச்சுக் கொட்டினார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண், தன் பிள்ளையின் வாயைத் திறந்து காட்டி, அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டாள். வாசல்வரை வந்து இன்னொரு தரம் கேட்டுக்கொண்டாள்.

காது குத்தும் நாளில் கோயிலில் பொங்கல் பொங்கி இறக்கியாகிவிட்டது. முடி இறக்கி, குளிப்பாட்டி, மொட்டைத் தலைக்குச் சந்தனம் தடவிப் பிள்ளை தயாராக இருந்தாள். ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மச்சான் வரவில்லை. மச்சான் சம்சாரம் மட்டும் முன்னாலேயே வந்து, ஒன்றும் தெரியாதது போல வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தது.

"நேரம் போகுதுய்யா" என்றார் பூசாரி. "ஒண்ணுவிட்ட தாய்மாமன் யாரும் இருந்தா உக்காரச் சொல்லுங்க."

"கொஞ்சம் பொறுங்க சாமி" என்றேன்.

கருப்பசாமி முன்னால் போய் நின்றேன். வருஷம் வருஷமாக எண்ணெய்க்காப்பு ஏறி ஏறிக் கன்னங்கரேலென்று நிற்கிற கல். அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் தைரியம் கொண்டார்கள். அவரை யாரும் சுரண்டி வெள்ளையாக்கச் சொன்னதில்லை. அப்பா, உன் வாசலில் என் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு நிற்க மாட்டாள், மடி யாருடையது என்பதை நீயே பார்த்துக்கொள் என்று சொன்னேன். கெஞ்சவில்லை. அவரிடம் எங்களுக்கு அந்த உரிமை உண்டு.

புளியமரத்தடியில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. மச்சான் சீர்த்தட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டைச் சாமி முன்னால் இறக்கினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? கொண்டாங்க பிள்ளைய."

மடியில் வைத்தோம். ஆசாரி ஒரு காதைக் குத்தியதுதான் தாமதம், பிள்ளை அலறினாள். மொட்டைத் தலை, சந்தனம், அகலத் திறந்த வாய், அதில் நாலு கறுப்புப் பல். கூடியிருந்த அத்தனை சொந்தமும் பார்த்தது.

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். "மாமா, பிள்ளைய வாய மூடச் சொல்லுங்க. பல்லு தெரியுது."

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். "ஏலே, காதக் குத்துனா கத்தாம என்ன செய்யும்? வாய மூடச் சொல்றியா? எடுலே அப்படியே."

அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது. அதில் மச்சான் வழக்கம்போல உதட்டை இறுக்கி மூடித்தான் இருக்கிறார். பிள்ளை அவருக்கும் சேர்த்து வாயைத் திறந்திருக்கிறாள்.

கிடாய்க்கறிப் பந்தியில் அவர் பிள்ளையைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். காதில் புதுக் கம்மல், கண்ணில் அழுத ஈரம், வாயில் எலும்புத் துண்டு. கறுப்புப் பல்லால் கவ்விப் பிடித்துக்கொண்டு, பக்கத்துப் பல்லால் கறியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலையா தாயி?" என்று கேட்டார் மச்சான்.

பிள்ளை இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் தன் இலையில் இருந்த நல்லி எலும்பை எடுத்து அவள் இலையில் வைத்தார்.

வைகாசியில் திரும்பவும் மருந்து வைக்கப் போக வேண்டும். அதற்குள் ஆர்டர் வந்து கம்பெனியில் நெருக்கினாலும் சரி, அன்றைக்கு நான் வேலைக்குப் போக மாட்டேன் என்று சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அந்த நாலு பல்லும் விழுகிற காலத்தில் தானாக விழும். அதுவரைக்கும் அவள் அதை வைத்துத்தான் தின்பாள், அதைக் காட்டித்தான் சிரிப்பாள்.